அன்சாக் நாளில் எந்த இரண்டு அணிகள் ஆட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் ஆஸ்திரேலியாவில் இந்தச் சண்டை தொடங்கிவிடும். மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் அன்சாக் நாள் ஃபுட்பால் ஆட்டம் ஏன் எப்போதும் காலிங்வுட், எஸன்டன் என்ற இரண்டு கிளப்புகளுக்கே போகிறது, மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அலுவலகத்திலும் ரயிலிலும் கேட்பார்கள். அந்தக் கேள்வியையும், அதை ஒட்டி வரும் மற்றவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

அன்சாக் நாள் என்பது என்ன?

1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் கரையிறங்கின. அந்தக் கூட்டுப்படையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் 'அன்சாக்'. எட்டு மாதம் போராடியும் மேட்டைப் பிடிக்க முடியவில்லை. டிசம்பரில் இரவோடு இரவாகப் பின்வாங்கினார்கள். ஆஸ்திரேலியத் தரப்பில் மட்டும் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆக இது தோற்றுப்போன ஒரு படையெடுப்பின் நினைவு நாள், வெற்றி விழா இல்லை. இரு நாடுகளிலும் அரசு விடுமுறை.

இங்கே ஃபுட்பால் என்றால் எது?

மெல்பர்னில் ஃபுட்பால், அதாவது 'ஃபுட்டி' என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ். முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் அளவு ஓவல், ஒரு பக்கத்துக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. 16.15 (111) என்று போட்டிருந்தால் 16 கோல், 15 பிஹைண்ட், மொத்தம் 111 என்று படிக்க வேண்டும். இதன் தேசிய லீக் ஏஎஃப்எல். 1990க்கு முன் அதன் பெயர் விஎஃப்எல். சிட்னிப் பக்கம் ஃபுட்டி என்றால் ரக்பி லீக். அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

ஏன் காலிங்வுட்டும் எஸன்டனும் மட்டும்?

யோசனை எஸன்டன் பயிற்சியாளர் கெவின் ஷீடியுடையது. அவர் இளம் வயதில் கட்டாய ராணுவச் சேவை செய்தவர். இரண்டு பெரிய கிளப்புகள், ஒரே மைதானம், ஒரே ஆட்டம், அதற்கு முன் முறையான அஞ்சலி என்று அவர் திட்டமிட்டார். முன்னாள் படைவீரர் சங்கமான ஆர்எஸ்எல்லின் ஒப்புதல் இல்லாமல் இது நடக்காது. அப்போது விக்டோரியா மாநில ஆர்எஸ்எல்லின் தலைவர் புரூஸ் ரக்ஸ்டன். எளிதில் தலையாட்டும் மனிதர் இல்லை. அவரே சம்மதித்ததும் வழி திறந்தது.

இந்த இரண்டு கிளப்புகளைத் தேர்ந்ததற்கு நேரான காரணம் கூட்டம். இரண்டுக்கும் மெல்பர்னில் பெரும் ரசிகர் படை. 1990 இறுதி ஆட்டத்தில் எஸன்டனை 48 புள்ளியில் வீழ்த்தித்தான் காலிங்வுட் தன் 32 ஆண்டு வறட்சியை முடித்தது. அந்தப் பகை ஆறவில்லை.

1995 ஏப்ரல் 25 செவ்வாய்க்கிழமை. 94,825 பேர் உள்ளே இருந்தார்கள், இடம் கிடைக்காமல் பெருங்கூட்டம் வெளியே நின்றது. காலிங்வுட்டின் சேவ் ரோக்கா ஒருவரே 9 கோல் அடித்தார். கடைசி நொடிகளில் பந்து நேதன் பக்லியின் கையில். நேராகக் கோலுக்கு உதைக்காமல் ரோக்காவை நோக்கி உதைத்தார். அது பலிக்கவில்லை, ஆட்ட முடிவுச் சைரன் ஊதிவிட்டது. எஸன்டன் 16.15 (111), காலிங்வுட் 17.9 (111). ஒரு கோல் குறைவாக அடித்தவர்கள் ஆறு பிஹைண்ட் கூடுதலாக அடித்துச் சமன் செய்திருந்தார்கள். முதல் ஆட்டமே இப்படி அமைந்த பிறகு லீக் வேறு ஜோடியைத் தேடுமா?

1995க்கு முன் அந்நாளில் ஆட்டமே இல்லையா?

உண்டு. 1960 வரை விஎஃப்எல் அந்நாளை ஆட்டமில்லாத நாளாகவே வைத்திருந்தது. சட்டம் தளர்ந்ததும் ஆட்டங்கள் வந்தன, ஆனால் நிலையான ஜோடி எதுவும் இல்லை. 1977இல் எம்சிஜியில் ரிச்மண்டும் காலிங்வுட்டும் மோதியதைப் பார்க்க 92,436 பேர் வந்தார்கள். 1986இல் ஒரே மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்கூட நடத்திப் பார்த்தார்கள்.

இந்த 1977 எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்க்காமல் எஸன்டன்–காலிங்வுட் ஜோடியால்தான் கூட்டம் வந்தது என்று சொல்வது அரைகுறை வாதம். விடுமுறை நாள், பெரிய மைதானம், பெரிய கிளப்புகள் இருந்தால் கூட்டம் வரும். 1995 புதிதாகக் கொண்டுவந்தது வேறு: ஆட்டத்தோடு பிரிக்க முடியாதபடி கட்டிய அஞ்சலிச் சடங்கும், அதை ஆண்டுதோறும் மாறாமல் செய்ததும்.

போரில் அதிகம் இழந்த கிளப்புகளுக்குத்தானே முதல் உரிமை?

நியாயமான கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டு போனால் இப்போதைய ஜோடிக்குச் சங்கடம்தான்.

முதல் உலகப் போரின் நடுவே, 1916 பருவத்தில், விஎஃப்எல்லில் நான்கே அணிகள் ஆடின: காலிங்வுட், கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், ரிச்மண்ட். மற்றவை ஆட்டத்தை நிறுத்திவிட்டன. எஸன்டன் 1916, 1917 இரண்டு பருவமும் ஆடவில்லை. மெல்பர்ன் கிளப் 1916 முதல் 1918 வரை ஆடவில்லை. நாடு போரில் இருக்கும்போது ஃபுட்டி ஆடலாமா என்று அன்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஆடியே தீருவோம் என்ற பக்கம் நின்றது காலிங்வுட். 1917 கோப்பையையும் வென்றது. நான்கே அணி ஆடிய 1916இல் வேடிக்கை ஒன்று உண்டு: லீக் சுற்றில் கடைசி இடம் பிடித்த ஃபிட்ஸ்ராய்தான் இறுதியில் சாம்பியன்.

ஆனால் ஆடிய கிளப்பில் போருக்குப் போனவர் இல்லை என்று அர்த்தமில்லை. கலிப்போலியில் கரையிறங்கிய முதல் நாளே இறந்த விஎஃப்எல் ஆட்டக்காரர்களில் ஆலன் கோர்ட்னர் ஜீலாங்குக்கும் காலிங்வுட்டுக்கும் ஆடியவர். அதே நாளில் மெல்பர்னின் ஜோ பியர்ஸ், செயின்ட் கில்டாவின் கிளாட் கிரவுல், யூனிவர்சிட்டியின் ரூபர்ட் பால்ஃப் ஆகியோரும் இறந்தார்கள். இதில் யூனிவர்சிட்டி என்ற கிளப்பே இப்போது இல்லை. 1914 பருவத்தோடு லீக்கை விட்டு விலகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரைச் சேர்த்தால் மெல்பர்ன் கிளப்பின் பக்கம் கனமாகிறது. 1940இல் கோப்பை வென்ற அணியில் இருந்த மூத்த ரான் பராசி, 1941இல் லிபியாவின் டோப்ரூக்கில் இறந்தார். அவர் மகன்தான் பின்னாளில் ஆட்டத்தின் பெரும் பெயரான ரான் பராசி. 1939, 1940 கோப்பை அணிகளில் ஆடிய 'ப்ளூயி' ட்ரஸ்காட் போர் விமானி. விடுப்பில் வந்து 1942இல் ஒரு ஆட்டம் ஆடினார், 1943 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார். அந்தக் கிளப்பின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது இன்றும் அவர் பெயரில்தான்.

ஆகப் போர்க்காலப் பதிவை மட்டும் தராசில் வைத்தால் மெல்பர்ன் கிளப் முதலில் நிற்க வேண்டும். அதற்காக இறந்தவர்களை எண்ணி எந்தக் கிளப்புக்கு எந்த நேரம் என்று பங்கு பிரிப்பது நல்லதா? எங்களுக்கு உவப்பில்லை. காலிங்வுட்டும் எஸன்டனும் அந்த நேரத்தைப் போர்ப் பதிவால் பெறவில்லை. முப்பது ஆண்டாக அதை வளர்த்ததால் வைத்திருக்கிறார்கள். அப்படியே வெளிப்படையாகச் சொன்னால் பாதிச் சண்டை ஓயும்.

சுழற்சி முறையில் எல்லோருக்கும் விட்டால் என்ன?

இப்போது 18 அணிகள். 2028இல் டாஸ்மேனியா 19ஆவதாகச் சேர இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு அணி என்றால் 18 அணிகளில் ஒன்றின் முறை ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதற்குள் ஒரு ஆட்டக்காரரின் காலமே முடிந்துவிடும். சடங்கின் நடைமுறை தெரிந்த ஊழியர்களும் கிளப்பில் மாறியிருப்பார்கள்.

அடுத்த சிக்கல் இடம். எம்சிஜி ஒரு லட்சம் பேர் கொள்ளும் மைதானம். பெர்த், அடிலெய்ட், பிரிஸ்பேன் அணிகளின் ரசிகர்கள் அங்கிருந்து விமானம் ஏறித்தான் வர வேண்டும். ஏப்ரல் 25 செவ்வாய், புதன் என்று விழும் ஆண்டுகளில் ஒரு நாள் விடுமுறைக்காக யார் வருவார்கள்? பாதி காலியான மைதானத்தில் ஒரு நிமிட மௌனம் நன்றாகத்தான் இருக்கும், ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அது போதாது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அணியின் தரம் சரிந்தாலும் இந்த ஜோடிக்குக் கூட்டம் குறையவில்லை. 2016இல் ஊக்கமருந்து விவகாரத் தடையால் எஸன்டன் தன் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரை இழந்து நின்றது. அந்த அன்சாக் நாளில் 69 புள்ளியில் தோற்றது. அப்போதும் 85 ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். 2023இல் 95,179 பேர் வந்து 1995இன் எண்ணிக்கையையும் முறியடித்தார்கள்.

சுழற்சிக்கு வலுவான வாதமும் உண்டு, மறைக்க வேண்டாம். இந்த ஒரு நாளில் கிடைக்கும் டிக்கெட் வருமானம், ஸ்பான்சர், தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாம் ஏற்கெனவே பணக்காரக் கிளப்புகளுக்கே மறுபடி போகிறது. நார்த் மெல்பர்ன் போன்ற சிறிய கிளப்பின் ரசிகருக்கு அது எரிச்சல் தராமல் என்ன செய்யும்? அதற்கு மருந்து ஜோடியை மாற்றுவதைவிட, அந்நாள் வருமானத்தில் ஒரு பங்கை எல்லாக் கிளப்புக்கும் பொதுவாக்குவது.

முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் மோதிய இருவரை ஆட வைக்கலாமே?

தெற்கு ஆஸ்திரேலிய மாநில லீக்கான எஸ்ஏஎன்எஃப்எல் இந்த வழியைப் பின்பற்றியிருக்கிறது. முந்தைய இறுதி ஆட்டத்தின் இரு அணிகளும் அன்சாக் நாளில் மறுபடி மோதும். யாரும் குறை சொல்ல முடியாது, ஆடிச் சம்பாதித்த இடம். அணிகள் எல்லாம் ஒரே நகரத்தைச் சுற்றி இருப்பதால் அங்கே பயணத் தொல்லையும் இல்லை. ஏஎஃப்எல்லில் இறுதி ஆட்டம் பிரிஸ்பேனுக்கும் சிட்னிக்கும் என்று அமைந்தால் அடுத்த ஏப்ரலில் அதை எங்கே நடத்துவது? மெல்பர்னில் நடத்தினால் இருவருக்கும் அந்நிய மண். சிட்னியில் நடத்தினால் அன்று அங்கே ரக்பி லீக்கோடு போட்டி.

ஏப்ரல் 25 வாரத்தின் எந்தக் கிழமையில் விழுந்தாலும் ஆடுவார்களா?

ஆடுவார்கள். 1995 முதல் நின்றது ஒரே ஒரு முறை, கொரோனா வந்த 2020இல். அட்டவணை போடுகிறவருக்குத் தலைவலி கிழமைதான். சனி, ஞாயிறு (2026, 2027) என்றால் சுலபம். வெள்ளி, திங்கள் என்றாலும் சமாளிக்கலாம். செவ்வாய் (2028), புதன் (2029) என்றால் சுற்றையே நீட்ட வேண்டும்.

புதன் மாலை ஆடி முடித்த அணியை வரும் ஞாயிறே இறக்கினால் நடுவில் முழு ஓய்வு மூன்றே நாள். மோதல் நிறைந்த ஆட்டத்தில் அடிபட்ட தசை அதற்குள் தேறாது. அதனால் முந்தைய ஆட்டத்தை முன்னே தள்ளுவார்கள், அடுத்ததைப் பின்னே தள்ளுவார்கள், அல்லது அடுத்த எதிரணியையும் வாரத்தின் நடுவில் ஆடியவர்களிலிருந்தே எடுத்து இருவரையும் சம களைப்பில் நிறுத்துவார்கள். மூன்றாவது வழிதான் நியாயமானது. ஜோடி நிலையாக இருப்பதன் சிறு லாபம் இங்கே தெரியும்: இரண்டு கிளப்புகளின் பயிற்சிக் குழுவும் இந்த வாரத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துவிடும்.

2011இல் அன்சாக் நாளும் ஈஸ்டர் திங்களும் ஒரே நாளில் விழுந்தன. ஈஸ்டர் திங்களில் ஆடும் ஜீலாங்கும் ஹாதோர்னும் செவ்வாய்க்குத் தள்ளப்பட்டார்கள்.

அப்படியானால் மற்ற அணிகளுக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, பேச்சுதான் குறைவு. 2015 முதல் முந்தைய நாள் மாலை எம்சிஜியில் ரிச்மண்டும் மெல்பர்னும் ஆடுகிறார்கள். சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கம் 'செக்கர்' ஹியூஸ் பெயரில். முதல் உலகப் போருக்குப் போய் வந்தவர், பிறகு இரண்டு கிளப்புக்கும் பயிற்சியாளராக இருந்தவர். பெயர்த் தேர்வு கச்சிதம். இருட்டில் விளக்கை அணைத்துச் சுடர் ஏற்றும் அந்த நிகழ்ச்சி, பகல் ஆட்டத்தின் சடங்கைவிட நெஞ்சில் தைக்கிறது என்பது எங்கள் கருத்து.

பெர்த்தில் ஃப்ரீமான்டில் இந்த வாரத்தில் ஆடும் ஆட்டம் லென் ஹால் பெயரில். கலிப்போலியில் போரிட்டவர்களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர், 1999இல் இறந்தார். போர்ட் அடிலெய்ட் தன் ஆட்டத்தில் பீட்டர் பேட்கோ பதக்கம் தருகிறது. 1967இல் வியட்நாமில் இறந்து, உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர் பேட்கோ.

இந்த மாதிரி உள்ளூர்க் காரணம் உள்ள ஆட்டங்களை வளர்ப்பதுதான் நல்ல வழி. ஒரு ஊருக்கு ஒரு பெயர், ஒரு முகம் இருந்தால் அஞ்சலி பொதுப்படையாகத் தேய்ந்துபோகாது.

அன்சாக்கில் நியூசிலாந்தும் பாதி. அவர்கள் எங்கே?

2013, 2014, 2015 மூன்று ஆண்டும் செயின்ட் கில்டா அந்நாளில் வெலிங்டனில் ஆடியது. எதிரணிகள் முறையே சிட்னி, பிரிஸ்பேன், கார்ல்டன். புள்ளிப் பட்டியலில் கணக்கான ஆட்டம் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே நடந்தது 2013இல்தான் முதல் முறை. நியூசிலாந்தின் பெரும்பாலான மைதானங்கள் ரக்பிக்கான செவ்வகம், ஃபுட்டி ஓவல் அதில் அடங்காது. வெலிங்டன் மைதானம் கிரிக்கெட்டுக்கும் சேர்த்து வட்டமாகக் கட்டியது, உள்ளூர்க்காரர்கள் 'கேக் டின்' என்பார்கள். அதனால்தான் அங்கே முடிந்தது. செயின்ட் கில்டா மூன்றிலும் தோற்றது, முயற்சியும் நின்றது. எண்ணம் சரி. ஆனால் ரக்பி ஊரில் ஆண்டுக்கு ஒரே நாள் போய் இறங்கி வேர் பிடிக்க முடியாது.

ரக்பி லீக்கில் யார் ஆடுகிறார்கள்?

ரக்பி லீக்கின் தேசிய லீக்கான என்ஆர்எல்லில் 2002 முதல் சிட்னி ரூஸ்டர்ஸும் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸும். 2009 முதல் 2023 வரை மெல்பர்ன் ஸ்டார்முடன் நியூசிலாந்து வாரியர்ஸும் ஆடினார்கள். அந்த லீக்கில் நியூசிலாந்துக்கு உள்ள ஒரே கிளப் வாரியர்ஸ். எதிரணி தேர்வு எப்படி இருந்தாலும் வாரியர்ஸின் இடத்தை மட்டும் யாரும் கேள்வி கேட்க முடியாது. இவ்வளவு தெளிவான காரணம் ஏஎஃப்எல் ஜோடிக்கு இல்லை.

வரும் பணம் யாருக்குப் போகிறது?

எஸன்டனும் காலிங்வுட்டும் ஆண்டு விட்டு ஆண்டு மாறி மாறிச் சொந்த மைதான அணியாகக் கணக்கில் வருவார்கள். 2024இல் எஸன்டன், 2025இல் காலிங்வுட். விக்டோரியாவின் 1958 அன்சாக் நாள் சட்டப்படி அன்று நடக்கும் விளையாட்டின் வருவாயில் ஒரு பகுதி முன்னாள் படைவீரர் நலனுக்கான நிதிக்குப் போக வேண்டும். மதியம் 1 மணிக்கு முன் விளையாட்டுக்குக் கட்டுப்பாடும் உண்டு. கடைகளும் அதுவரை பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் பந்து சமீப ஆண்டுகளில் 3.20க்கு. விடியற்கால வழிபாட்டுக்கும் காலை அணிவகுப்புக்கும் போனவர்கள் நிதானமாக வந்து சேர அது போதும்.

ஆட்டத்துக்கு முந்தைய சடங்கின் வரிசை என்ன?

முன்னாள் வீரர்கள் வண்டிகளில் மைதானத்தை வலம் வருவார்கள். இரு அணிகளும் நேர்க்கோட்டில் நிற்கும். முதலில் நான்கு வரி நினைவுப் பாட்டை ஒருவர் வாசிப்பார். கடைசி அடியைக் கூட்டம் திருப்பிச் சொல்லும். பிறகு 'லாஸ்ட் போஸ்ட்' பியூகிள் இசை, ஒரு நிமிட மௌனம், எழுப்பும் இசையான 'ரவுஸ்', நியூசிலாந்து தேசிய கீதம், கடைசியில் ஆஸ்திரேலிய கீதம்.

வழக்கமாக ஒவ்வொரு அணியும் தன் பெரிய காகிதப் பேனரைக் கிழித்துக்கொண்டு ஓடி வரும். இந்நாளில் மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேனர்.

கொடியில் தவறு நடப்பது அதிகம். ஏப்ரல் 25 விடியல் முதல் நண்பகல் வரை கொடி அரைக்கம்பத்தில், நண்பகலுக்கு மேல் உச்சியில். ஆகப் பிற்பகல் ஆட்டத்தில் கொடி உச்சியில்தான் தொடங்க வேண்டும். லாஸ்ட் போஸ்ட் இசைக்கும்போது மெல்ல அரைக்கம்பத்துக்கு இறக்கி, ரவுஸ் தொடங்கியதும் சட்டென்று உச்சிக்கு ஏற்ற வேண்டும். காலையில் இறக்கிய கொடியை அப்படியே விட்டுவிட்டால், பியூகிள் ஊதும்போது இறக்க இடமில்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரும்.

எங்கள் வட்டார லீக்கில் இப்படி ஒரு ஆட்டம் நடத்தினால் எந்த இரண்டு கிளப்பைத் தேர்வது?

இங்கே கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆகவே காரணத்தைப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் பொதுவான போர் நினைவுச் சின்னம் இருக்கிறதா, ஒரே படைப்பிரிவில் இரண்டு கிளப்பாரும் சேர்ந்தார்களா, கிளப் கட்டடத்தில் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். பலகை உள்ள கிளப் சொந்த மைதானத்தில் ஆடட்டும், எதிரணி பக்கத்து ஊராக இருக்கட்டும். எதுவும் கிடைக்காவிட்டால் எஸ்ஏஎன்எஃப்எல் வழியில் முந்தைய இறுதி ஆட்ட ஜோடி. குலுக்கல் வேண்டாம். அடுத்த ஆண்டு யாருக்கும் பொறுப்பு இருக்காது.

நடத்தும் விதம்: உள்ளூர் ஆர்எஸ்எல் கிளையிடம் பிப்ரவரியிலேயே பேசுங்கள். ஏப்ரலில் பியூகிள் ஊதுகிறவர் கிடைக்க மாட்டார், எல்லா ஊரும் ஒரே நாளில் அவரைத் தேடும். ஆள் இல்லாவிட்டால் பதிவு செய்த இசை போதும். ஆனால் அதைக் கைப்பேசியிலிருந்து ப்ளூடூத்தில் போடாதீர்கள். மௌன நிமிடத்தின் நடுவே அழைப்பு வந்து மைதானம் முழுக்க ரிங்டோன் கேட்கும். கம்பி இணைப்பு, ஏரோப்ளேன் மோடு இரண்டும் கட்டாயம். சைரன் பொத்தான் பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். கொடிக் கயிற்றை முந்தைய நாளே இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஆண்டு முழுக்கத் தொடாத கப்பி அன்றுதான் சிக்கிக்கொள்ளும்.

பெயர்களை வாசிப்பதாக இருந்தால் பத்துக்கு மேல் போக வேண்டாம், உச்சரிப்பைக் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தச் சடங்கையும் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். உடலைச் சூடாக்கிக்கொண்ட ஆட்டக்காரர்கள் குளிரில் அசையாமல் நின்றால் முதல் கால் பகுதியிலேயே தொடைத் தசை பிடிக்கும். கீதம் முடிந்து பந்து எழும்பும் முன் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்.

'அன்சாக் கோப்பை' என்று பெயர் வைத்து டி-ஷர்ட் விற்கலாமா?

கேட்காமல் கூடாது. 'அன்சாக்' என்ற சொல்லையே ஆஸ்திரேலியாவில் 1921 முதல் விதிகள் பாதுகாக்கின்றன. வணிகத்தில் பயன்படுத்த மத்திய அரசின் முன்னாள் படைவீரர் விவகார அமைச்சரின் அனுமதி வேண்டும். ஆர்எஸ்எல் கிளை 'சரி' என்று சொன்னது அனுமதி ஆகாது. அன்சாக் பிஸ்கட்டைக்கூட வழக்கமான செய்முறையை மாற்றாமல், 'குக்கி' என்று அழைக்காமல்தான் விற்கலாம்.

பார்க்கப் போகிறோம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டிக்கெட்டைக் கிளப் உறுப்பினர்களுக்கு முதலில் திறப்பார்கள், மீதிதான் பொதுவுக்கு. கடைசி வாரம் வரை காத்திருந்தால் நண்பர்களோடு சேர்ந்து உட்கார இடம் கிடைக்காது. ரயிலில் ரிச்மண்ட் அல்லது ஜோலிமான்ட் நிலையத்தில் இறங்கலாம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்கையில் இருங்கள். லாஸ்ட் போஸ்ட் தொடங்கியதும் எழுந்து தொப்பியைக் கழற்றுங்கள். படிக்கட்டில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். மௌனம் முடிந்ததும் கைதட்ட வேண்டாம், கீதம் முடிந்த பிறகு ஊரே கத்தும், அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

தாத்தாவின் பதக்கத்தை அணிவதாக இருந்தால் வலது மார்பில். இடது பக்கம், தானே சம்பாதித்தவருக்கு மட்டும்.

நம்மவர்களுக்கும் கலிப்போலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, கொஞ்சம். ஏப்ரல் 25 அன்றே அன்சாக் கரையில் இந்திய மலைப் பீரங்கிப் படையினர் இறங்கினார்கள். கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் சுமந்து மேடேற்றியதும் இந்தியர்கள். இலங்கையிலிருந்து போன சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோரின் வீரர்கள், அன்சாக் படைத்தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவலாக இருந்தார்கள். அந்தப் படையில் இருந்தவர்கள் தோட்டத்துரைமார்கள். அவர்களின் தேயிலையைப் பறித்த நம் மக்களுக்கு அந்தப் படையில் இடம் இருக்கவில்லை.

ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் உண்டா?

லீக் சுற்றில் கிடையாது. வென்றால் 4 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 2. 1995இல் 111க்கு 111. அடுத்த சமன் 2024இல்தான், 85க்கு 85. இரண்டு முறையும் யார் பாட்டைப் போடுவது என்று தெரியாமல் மைதான ஒலிபெருக்கிக்காரர்தான் திண்டாடியிருப்பார்: ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியின் பாட்டுதானே வழக்கம்.